பிரவுன்ஸ்வில்லுக்குப் போகாத தந்தி

படம் முடிந்து லேப்டாப்பை மூடப் போனேன். உரித்த உள்ளியை முறத்தின் ஒரு ஓரமாக ஒதுக்கியபடி அம்மா கேட்டாள், "அந்தப் பையன விட்டானுவளா, இல்லியா மக்களே?"

எந்தப் பையன் என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மழைநீர்க் கால்வாய்க்குள் மாட்டிக்கொண்ட இரண்டு சிறுவர்களைச் சொல்கிறாள் என்று நினைத்து, "அவங்களத்தான் காப்பாத்தியாச்சே, பாத்தீல்லா" என்றேன். "அந்தப் பிள்ளைகள இல்ல. ஆஸ்பத்திரியில பிடிச்சுப் போட்டிருந்தானுவளே, பிளேன் ஓட்டுனவன். அவன."

நாங்கள் பார்த்தது 1954இல் வந்த 'தெம்!'. கார்டன் டக்ளஸ் இயக்கிய ராட்சத எறும்புப் படம். பூச்சிப் படங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு, இந்தப் படத்தை அதற்கு முன் நான்கைந்து தடவையாவது பார்த்திருப்பேன். எந்த இடத்தில் முதல் எறும்பு தலைகாட்டும், எந்தக் காட்சியில் இயந்திர எறும்பின் தலை மட்டும் தனியாக ஆடும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்தப் பைலட்டை வெளியே விட்டார்களா என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் அவ்வப்போது சொன்ன அரைகுறை மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, பாதி கவனத்தை உள்ளியில் வைத்துக்கொண்டு பார்த்தவள் அவள். ஆனால் அவள் முப்பது வருடமாக சீரியல் பார்க்கிறவள். நூறு எபிசோடுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் படுத்தவன் என்ன ஆனான் என்று கணக்கு வைத்திருப்பவள். அவளிடம் ஒரு ஆளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கதையை முடிக்க முடியாது.

விடவில்லை. அதாவது, விட்டார்களா இல்லையா என்று படம் சொல்லவில்லை. இதைச் சொன்னதும் அம்மா, "அது என்ன கத?" என்று எழுந்து போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நான் சொல்லிக்கொண்டு திரிந்தது

இந்த வகைப் படங்களைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் ஒரு தயார் பதில் இருந்தது. எல்லோரிடமும் இருப்பதுதான்: இவை அணுகுண்டு பயத்தின் படங்கள். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 1945 ஜூலை 16 விடியற்காலை முதல் அணுகுண்டைச் சோதித்தார்கள், ஒன்பது வருடம் கழித்து அதே பாலைவனத்திலிருந்து எறும்புகள் கிளம்பி வருகின்றன, விஞ்ஞானி ஒருவர் கடைசியில் நின்று அணுயுகத்தின் கதவைத் திறந்துவிட்டோம், உள்ளே என்ன இருக்கிறதோ என்கிறார். முடிந்தது. எதிரில் இருப்பவர் தலையாட்டுவார்.

அறிவியல் தெரிந்தவர்கள் வேறொரு பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள்: அவ்வளவு பெரிய எறும்பு நடக்கவே நடக்காது. உண்மைதான். பிறகு இந்தியாவுக்கு வந்து இங்கேயே இறந்த உயிரியலாளர் ஹால்டேன், 1926இலேயே இதை அழகாக எழுதிவிட்டார். ஐந்து மில்லிமீட்டர் எறும்பை மூன்று மீட்டராக்கினால் நீளம் 600 மடங்கு. காலின் குறுக்குப் பரப்பு 3,60,000 மடங்கு கூடும், எடையோ 21 கோடி மடங்குக்கு மேல் ஏறிவிடும். முதல் அடியிலேயே கால் ஒடிந்து உட்கார்ந்துவிடும். அதற்கு முன்பே மூச்சு முட்டியிருக்கும். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது, உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாகவும் நுண்குழாய்கள் வழியாகவும் காற்று போய்ச் சேர வேண்டும். சரி. இதைச் சொல்லி எந்தப் பூச்சிப் படத்தையும் யாரும் ரசிக்காமல் விட்டதாகத் தெரியவில்லை.

அணுகுண்டுப் பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பார்த்தால் எறும்பு மட்டும்தான் கண்ணில் படுகிறது. எறும்பைப் பார்த்த மனிதர்கள் படுவதில்லை. என் சிக்கல் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆசிட் வாடை

படத்தின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அன்று திண்டாடினேன். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, தலைப்பு மட்டும் சிவப்பும் நீலமுமாகப் பாய்ந்து வரும். அது போய்க் கறுப்பு வெள்ளை வந்ததும் அம்மா லேப்டாப் ரிப்பேர் என்று நினைத்துவிட்டாள். "இது என்ன படம்?" என்றாள். 'தெம்' என்றால்? 'அவர்கள்' என்றால் ஆள் என்றாகிவிடும். 'அவை' என்றால் ஆளில்லை என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் திணை கிடையாது. வந்தது கொள்ளைக்காரனா, விலங்கா, வேறு எதுவுமா என்று அரை மணி நேரத்துக்கு மூடி வைக்க அந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. நம் மொழியில் வாயைத் திறந்தாலே உயர்திணையா அஃறிணையா என்று காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் "அதுவொ" என்று ஊர்ப்பேச்சில் சொல்லி வைத்தேன். அம்மா அப்போதே, "ஓ, ஏதோ ஜந்து" என்று கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு சிறுமி, கையில் பொம்மையுடன், வாய் பேசாமல் பாலைவனத்தில் நடந்து வருகிறாள். அவளுடைய குடும்பம் தங்கியிருந்த வண்டிவீடு வெளியே பிய்த்தெறியப்பட்டுக் கிடக்கிறது, தரையில் சர்க்கரைக் கட்டிகள் சிதறியிருக்கின்றன. அதே ராத்திரி ஒரு கடைக்காரர் செத்துக் கிடக்கிறார், உடம்பு நிறைய ஃபார்மிக் அமிலம். அப்பாவும் மகளுமாக இரண்டு எறும்பு விஞ்ஞானிகள் விவசாயத் துறையிலிருந்து வருகிறார்கள். அந்த முதியவர் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றிச் சிறுமியின் மூக்கருகே கொண்டுபோகிறார். முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் கண்கள் விரிகின்றன. அலறிக்கொண்டு எழுந்து மூலைக்கு ஓடுகிறாள். "தெம்! தெம்!"

"அது என்ன கிளாஸ்ல?" என்றாள் அம்மா. சொன்னேன். "நம்ம ஷீட்டுக்கு ஊத்துற ஆசிட்டா?"

அதேதான். எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். ரப்பர் பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, அலுமினிய டிஷ்ஷில் ஊற்றி, அதில் தண்ணீரில் கலக்கிய ஃபார்மிக் ஆசிட்டை விட்டு அம்மா கையாலேயே கலக்குவாள். மேலே வரும் நுரையை ஒரு தகரத்துண்டால் வழித்தெடுப்பாள். கொஞ்ச நேரத்தில் பால் தயிர்போல உறையும். அப்புறம் மிதித்து, ரோலரில் விட்டு ஷீட் ஆக்குவது. கேன் மூடியைத் திறக்கும்போது மூக்குக்குள் ஊசியாக ஏறும் ஒரு வாடை இருக்கிறதே, அதை ஒருமுறை முகர்ந்தவன் மறக்கமாட்டான். லத்தீனில் எறும்புக்கு ஃபார்மிகா என்று பெயர், அதிலிருந்துதான் ஃபார்மிக். மாமரத்து முசுறைக் கையால் நசுக்கி முகர்ந்து பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரியும், அதே புளிச்ச நெடிதான். எறும்பு ஒன்றுகூடத் திரையில் வராத அந்தக் காட்சியில் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைச் சேலையில் துடைத்ததைப் பார்த்தேன். படம் பார்த்தவர்களில் யாருக்காவது அந்த வாடை அடித்திருக்குமானால் அது அவளுக்குத்தான்.

அதற்குப் பிறகு எறும்புகள் வந்தபோது அவள் அவ்வளவாக அசரவில்லை. ஆள் உயரத்துக்கு மேலான இயந்திர எறும்புகளைக் கயிறும் நெம்பும் வைத்து ஆட்கள் மறைந்து நின்று ஆட்டினார்கள். "கட்டெறும்பு" என்று மட்டும் சொன்னாள். எறும்பு வருவதற்கு முன் கேட்கிற அந்தக் கீச்சொலிக்குத்தான் இரண்டு முறை தலை நிமிர்ந்தாள். அது மரத்தவளைகளின் குரலோடு பறவைக் குரல்களைக் கலந்து செய்தது. ராத்திரி ரப்பர் தோட்டத்து ஓரமாக இருந்து பழகியவளுக்கு அது அந்நியமான சத்தம் இல்லையே.

நம்பியதால் அடைபட்டவன்

இனி அந்தப் பைலட். பாலைவனப் புற்றை சயனைடு வாயு விட்டு அழித்தபின் உள்ளே இறங்கிப் பார்த்தால், இரண்டு ராணி எறும்புகள் ஏற்கெனவே பறந்துபோயிருக்கின்றன. எங்கே என்று தெரியவில்லை. நாடு முழுவதும் வரும் வினோதமான செய்திகளையெல்லாம் ரகசியமாகச் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில்லில் ஒருவன், வானத்தில் எறும்பு வடிவத்தில் பறக்கும் தட்டுகளைப் பார்த்தேன், பெரியது ஒன்று, அதைத் துரத்தும் சின்னது இரண்டு என்று சொல்லி மனநோய் வார்டில் கிடக்கிறான். ஃபெஸ் பார்க்கர் நடித்த பாத்திரம். சில நிமிடங்கள்தான் வருவார். ஆனால் அந்த நிமிடங்களைப் பார்த்துத்தான் வால்ட் டிஸ்னி, டேவி கிராக்கெட் என்ற பழைய அமெரிக்க வீரரின் வேடத்துக்கு அவரைப் பிடித்ததாகச் சொல்வார்கள். டிஸ்னி பார்க்க வந்தது கதாநாயகன் ஜேம்ஸ் ஆர்னெஸ்ஸையாம்!

எஃப்பிஐ அதிகாரி அவனிடம் பேசுகிறார். அவன் சொல்வது அத்தனையும் நிஜம் என்று கேட்பவருக்குத் தெரியும். அவனுக்கும் கடைசியாக ஒரு ஆள் நம்பிவிட்டான் என்ற நிம்மதி வருகிறது. அறையை விட்டு வெளியே வந்ததும் அந்த அதிகாரி டாக்டரிடம் சொல்வதென்ன? இவனை இங்கேயே வைத்திருங்கள், அரசாங்கம் உங்களுக்கு நன்றியுடையதாக இருக்கும். எப்போது குணமாகும் என்று நாங்கள் தந்தி அடிக்கிறோம்.

இந்த இடத்தை நான் எப்போதும் சிரித்துக்கொண்டே கடந்திருக்கிறேன். அது ஒரு ஜோக்காகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது, எழுபது வருடமாக ஜோக்காகத்தான் வேலை செய்கிறது. அம்மாவுக்காக அதை மொழிபெயர்த்தபோதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நம்பாதவர்கள் அவனைப் பிடித்து அடைத்தார்கள், அது புரிகிறது. நம்பியவரும் அவனை அடைத்தே வைக்கிறார். பைத்தியம் என்று நினைத்தவரைக்கும் டாக்டருக்கு அவனை என்றைக்காவது வெளியே விடும் உத்தேசம் இருந்திருக்கும். உண்மையைச் சொல்கிறான் என்று தெரிந்தபிறகுதான் அதுவும் போயிற்று.

அதன்பின் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இந்தப் படம் முழுக்கவே சாட்சிகளின் படம், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டிலில் அல்லது காவலில் இருக்கிறார்கள். வாய் திறக்காத சிறுமி ஆஸ்பத்திரியில். லாஸ் ஏஞ்சலிஸில் சரக்கு வண்டியிலிருந்து சர்க்கரை காணாமல் போனதற்கு அங்கிருந்த காவலாளிதான் திருடன் என்று போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. குடிநோயாளிகள் வார்டில் ஒரு கிழவர், ஜன்னல் வழியாக ஆற்றில் எறும்பு போவதைப் பார்த்துவிட்டு, யாரும் நம்பாததைப் பற்றிக் கவலையே படாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். எறும்பைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் பீரங்கி வைத்திருந்தவர்கள் இல்லை, இவர்கள்தான். நகரத்தில் ராணுவ ஆட்சி அறிவித்து, பத்திரிகைக்காரர்களைக் கூட்டி விஷயத்தை உடைத்துவிடுகிறார்கள். ரகசியம் என்று இனி எதுவும் இல்லை. அப்படியானால் பிரவுன்ஸ்வில்லில் இருக்கிறவனை ஏன் வைத்திருக்க வேண்டும்? அம்மாவின் கேள்வி அங்கேதான் சரியாகப் போய் நிற்கிறது.

இதைக் கதாசிரியர்களின் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். அந்தப் பாலைவனத்தின் நிஜக் கதையைப் படிக்காமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன். 1945இல் குண்டு வெடித்த காலையில் சுற்றுவட்டாரத்து மக்கள் வெளிச்சத்தைப் பார்த்தார்கள், வீட்டுக் கண்ணாடி அதிர்ந்தது. அலமகோர்டோ விமானத் தளத்தின் பெயரில் ஒரு செய்தி வெளியிட்டார்கள்: தொலைவில் ஒரு வெடிமருந்துக் கிடங்கு வெடித்துவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை. வாயுக் குண்டுகளும் வெடித்திருப்பதால் காற்றின் போக்கைப் பொறுத்துச் சிலரை வீட்டிலிருந்து தற்காலிகமாக வெளியேற்ற வேண்டியிருக்கலாம் என்று ஒரு வரியும் அதிலேயே இருந்தது. அந்த வரியை எழுதியவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதன் பின்னால் நோயோடு வாழ்ந்த குடும்பங்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தன. பிறகு நெவாடா மாநிலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1990இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. முதல் குண்டு வெடித்த நியூ மெக்சிகோக்காரர்கள் அதில் இல்லை. அவர்களைச் சேர்த்தது 2025இல்.

இன்னொன்று. அந்த வெடிப்பிலிருந்து கிளம்பிய தூசி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இண்டியானா மாநிலத்தில் ஓர் ஆற்றில் போய் விழுந்தது. அந்தத் தண்ணீரில் செய்த அட்டையில் கோடாக் நிறுவனம் தன் எக்ஸ்ரே ஃபிலிமைக் கட்டி வைத்திருந்தது. ஃபிலிமில் புள்ளி புள்ளியாகக் கறை. காரணத்தைத் தேடிப்போன அவர்களுடைய இயற்பியலாளர் ஜூலியன் வெப் அணுகுண்டிடம் வந்து நின்றார். பிறகு 1951இல் நெவாடாவில் சோதனைகள் தொடங்கி மறுபடி கதிரியக்கப் பனி விழுந்தபோது நிறுவனம் புகார் செய்தது. அதிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஃபிலிம் கம்பெனிகளுக்கு அணுசக்தி ஆணையம் தகவல் சொல்லத் தொடங்கியது. அதே காற்றுக்குக் கீழே மாடு கறந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களுக்குச் சொல்லவில்லை. ஃபிலிமுக்குக் கெடுதல் வந்தால் கணக்குக் காட்ட முடிந்தது போல.

'தெம்!' திரைக்கு வந்த அதே 1954இல், மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் கொட்டியது. 23 பேர் உடம்பு வெந்து கரை திரும்பினார்கள். அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் ஸ்ட்ராஸ், அந்தப் புண்கள் கதிரியக்கத்தால் வந்தவையாக இருக்காது, பவளப்பாறைத் தூளின் ரசாயன வினையாக இருக்கலாம் என்று அறிக்கை விட்டார். படகின் வானொலி இயக்குநர் குபோயாமா அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார். படம் அதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டுவிட்டது, அதனால் அதிலிருந்து இது வந்தது என்று முடிச்சுப்போட முடியாது. ஆனால் அந்த வருடத்து அரங்குகளில் அந்தத் தந்தி ஜோக்குக்குச் சிரித்தவர்கள் எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று தெரிகிறது.

மற்றப் படங்களையும் இந்தக் கண்ணோடு ஒரு சுற்றுப் பார்த்தேன். 1955இன் 'டரான்ட்யுலா'வில் சிலந்தி வருகிறது. சிலந்தி பூச்சியே இல்லை, எட்டுக் கால், ஆனாலும் இந்தக் குடும்பத்தில் அதற்கு இடம் கொடுத்தாயிற்று. நிஜச் சிலந்தியையே படம்பிடித்ததால் அதில் இருக்கும் நடையழகு எந்த இயந்திர எறும்புக்கும் வராது. 1957இன் 'டெட்லி மான்டிஸ்' எனக்கு எப்போதும் கொட்டாவிதான், ராணுவ ராடார் விளம்பரப் படம் பார்ப்பது போல இருக்கும். அதே வருடம் வந்த 'பிகினிங் ஆஃப் தி எண்ட்' வெட்டுக்கிளிப் படம், சிக்காகோ கட்டடங்களின் புகைப்படத்தின்மேல் நிஜ வெட்டுக்கிளியை ஏறவிட்டு எடுத்தது. ஓரிடத்தில் வெட்டுக்கிளி கட்டடத்தின் விளிம்பைத் தாண்டி ஆகாயத்திலேயே நடந்துபோகும்! இதன் கதாநாயகன் பீட்டர் கிரேவ்ஸ், ஜேம்ஸ் ஆர்னெஸ்ஸின் கூடப்பிறந்த தம்பி. அண்ணனுக்கு எறும்பு, தம்பிக்கு வெட்டுக்கிளி. இந்த அபத்தமான படத்தில்கூட முதல் பாதி என்ன என்கிறீர்கள்? ஒரு ஊரே அழிந்துபோயிருக்கிறது, ராணுவம் சாலையை மறித்து நிற்கிறது, பெண் பத்திரிகையாளர் ஒருவர் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள முட்டி மோதிக்கொண்டிருக்கிறார். வெட்டுக்கிளி வந்ததும் அவர் கேள்வியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பூச்சி பெரிதாக இருப்பதில் அந்த வசதி ஒன்று இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அம்மா ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் பையில் துணி அடுக்கிக்கொண்டே, எந்த முன்னுரையும் இல்லாமல் ஆரம்பித்தாள். "எப்ப விடணும்னு தந்தி அடிப்பேன்னு சொன்னானில்லா?"

"ஆமா."

"அது அடிச்சா தானே விடுவாரு டாக்டரு?"

"ஆமாம்மா. ஆனா அது படம்."

அம்மாவுக்குத் தந்தி என்றால் என்னவென்று தெரியும். தாத்தா இறந்த செய்தி எங்கள் வீட்டுக்குத் தந்தியில்தான் வந்தது. தபால்காரர் சைக்கிளை வாசலில் சாய்த்ததுமே, பிரிப்பதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்டதாகச் சொல்வாள். நம் ஊரில் 2013 ஜூலையோடு தந்தியை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் அதற்கும் முன்பே, 2006 ஜனவரியில் வெஸ்டர்ன் யூனியன் கடைசித் தந்தியை அனுப்பியது. இதையும் சொன்னேன், சும்மா தகவலுக்காக.

அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அப்போ இனி எங்க விடப் போறானுவ" என்றாள்.